பழைய 360 கேபி ஃப்ளாப்பியிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

ஐபிஎம் பிசி காலத்து ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளுக்கான குறிப்பு இது. தேவையானவை: அந்த அளவு டிரைவ் ஒன்று, கிரீஸ்வீசல் பலகை (பழைய டிரைவை யூஎஸ்பி வழியே இன்றைய கணினியோடு இணைக்கும் சிறு மின்பலகை), 34 முனை ரிப்பன் கேபிள், பழைய கணினி எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று. டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி 5 வோல்ட்டோடு நின்றுவிடும். கடையில் விற்கும் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை வாங்கி ஏமாறாதீர்கள்; அது மூன்றரை அங்குலத்துக்கு மட்டும்தான்.

1. விளிம்பிலுள்ள சதுர வெட்டை ஒளி புகாத டேப்பால் மூடுங்கள். எழுதுவதை இதுதான் தடுக்கும். பல டிரைவ்கள் வெட்டை ஒளியால் உணர்வதால் செலோ டேப் பயன்படாது. மூன்றரை அங்குலத்தில் இது தலைகீழ்: துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு.

2. உறையின் நீள்திறப்பு வழியே தட்டை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வெண்பூஞ்சை தெரிந்தால் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே டிரைவில் போடுங்கள். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆக்சைடு பூச்சு உரிகிறது என்று பொருள். உரிந்த தூள் ஹெட்டில் (டிரைவின் படிக்கும், எழுதும் முனை) ஒட்டி அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும்.

3. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். கையில் இருக்கும் டிரைவ் 360 கேபியா, 1.2 எம்பியா? முதலாவது 40 தடங்களில் (தரவு பதியும் வட்டப் பாதைகள்) நிற்கும், இரண்டாவது அதே பரப்பில் 80 தடங்களில். 1.2 எம்பி டிரைவில் 360 கேபி தட்டைப் போட்டு, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரே படி நகர்த்தினால், 0-ஆம் தடம் ஒழுங்காக வரும். அடுத்ததிலிருந்து பிழை மழைதான். ஹெட் இரண்டு தடங்களுக்கு நடுவே நிற்கும், அல்லது வேறு தட எண் எழுதிய செக்டரை (தடத்தின் ஒரு துண்டு) காணும். தட்டு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். கிரீஸ்வீசல் மென்பொருளில் படி அளவை 2 என்றும் தட எண்களை 0 முதல் 39 வரை என்றும் கொடுங்கள், சரியாகிவிடும்.

படிக்கலாம் சரி, ஆனால் 1.2 எம்பி டிரைவால் அந்தத் தட்டில் எழுதாதீர்கள். அதன் ஹெட் சுமார் 0.16 மிமீ அகலத்துக்குத்தான் எழுதும். பழைய தடம் 0.33 மிமீ. இரு ஓரங்களிலும் பழைய காந்தப் பதிவு மிஞ்சும். 360 கேபி டிரைவின் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

4. நேரடியாகக் கோப்பு வடிவில் எடுக்காமல், முதலில் தடத்துக்கு 3 சுற்றாக மூலப் பதிவு (காந்த மாற்றங்களை அப்படியே பதிவது) எடுப்பதே நல்லது. தட்டில் 0, 1 என்று எதுவும் இல்லை. காந்தத் திசை மாறும் புள்ளிகள்தான் உண்டு. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே தரவு. இந்தத் தட்டுகளில் தரவைப் பதியும் எம்எஃப்எம் முறையில் அது 4, 6, 8 மைக்ரோநொடி என மூன்றே வகை. (1.2 எம்பி டிரைவ் நிமிடத்துக்கு 300-க்குப் பதில் 360 சுற்று சுற்றுவதால் எல்லாம் ஆறில் ஐந்தாகச் சுருங்கும், விகிதம் மாறாது.) மங்கிய தட்டில் ஒரு சுற்றில் தவறிய செக்டர் இன்னொரு சுற்றில் கிடைப்பதுண்டு. தட்டு அடுத்த முறை ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை; மூலப் பதிவு இருந்தால் எத்தனை முறையும் பிரித்துப் பார்க்கலாம்.

5. ஐபிஎம் 360 வடிவத்துக்கு மாற்றிய கோப்பின் அளவு சரியாக 368,640 பைட் இருக்க வேண்டும்: 40 தடம், 2 பக்கம், 9 செக்டர், 512 பைட். அளவு சரி என்பதால் உள்ளடக்கமும் சரி என்று நம்பிவிட வேண்டாம். கிடைக்காத செக்டரின் இடத்தை மென்பொருள் நிரப்பியிருக்கும். பிழைப் பட்டியலையும் பாருங்கள்.

பின்சேர்க்கை: தடத்துக்கு 8 செக்டர் மட்டும் வந்தால் பதற வேண்டாம். 1983-இல் டாஸ் (ஐபிஎம் பிசியின் இயங்குதளம்) 2.0 வருவதற்கு முன் அதுதான் வழக்கம். ஒரு பக்கத் தட்டு 160 கேபி, இருபக்கம் 320 கேபி. அந்த வடிவத்தைத் தேர்ந்து மீண்டும் மாற்றுங்கள். பிழையே இல்லாமல் வந்தும் லினக்ஸில் திறக்காமல் போகலாம்: டாஸ் 1 தட்டுகளின் முதல் செக்டரில் அளவு விவர அட்டவணை கிடையாது. எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) பழைய டாஸை ஓட்டி, இந்தக் கோப்பை ஃப்ளாப்பியாக அதில் பொருத்தினால் திறக்கும்.