ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் ஆக மாஸ்டர்ஸ் படிக்கப் போகும் ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படிக்கிறது. ஆனால் 'ஹவுஸ்' என்று அச்சாகியிருக்கும் இடத்தில் 'ஹோம்' என்கிறது. முதல் எழுத்தையும் பக்கத்திலிருந்த படத்தையும் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகித்துவிட்டது. படமில்லாத புத்தகங்கள் வரும் வகுப்பில் அதே பிள்ளை திணறி நிற்கும். இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் என்ற பணியே இருக்கிறது.

அந்தப் பணிக்கான முதுகலைப் படிப்பில் பலர் செய்யும் பெரிய தவறு, உள்ளே என்ன கற்பிக்கிறார்கள் என்று பார்க்காமல் சேருவது. 1967இல் கென் குட்மன் என்ற ஆய்வாளர் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டாக விவரித்தார். படம், வாக்கிய அமைப்பு, முதல் எழுத்து ஆகியவற்றைக் கொண்டு சொல்லை ஊகிக்கச் சொல்லித்தரும் முறை அந்தச் சிந்தனையிலிருந்து வளர்ந்து பல பத்தாண்டுகள் வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொன்றைச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. பெருக்கல் என்பதால், ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். 2023இல் இந்தியானா, ஒஹாயோ மாநிலங்கள் ஊகிக்கும் முறைக்குச் சட்டத்திலேயே தடை போட்டன. அதனால் சேரும் முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒலியறிவு (சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்தறிவது), எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளறிதல் என்று 2000இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு சொன்ன ஐந்தும் அதில் இருக்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் என்று பாருங்கள். ஒலிகளுக்கு ஒரே ஒரு வாரம்தான் என்றால் நான் அங்கே சேரமாட்டேன்.

அமெரிக்காவில் ஆசிரியர்களாகியிருக்கும் தமிழர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளை எழுத வேண்டும். நம்மில் பலர் ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்தே அதைத் தாண்டி வந்தோம். 'ஷிப்' (ship) என்பதில் எழுத்து நான்கு, ஒலி மூன்று என்று பிரித்துக் காட்டத் தெரியாமல் ஒரு பிள்ளைக்கு எப்படி உதவுவது?

அடுத்தது, களப்பயிற்சியை லேசாக எடுத்துக்கொள்வது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு, சொந்த வகுப்பிலேயே ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்ற படிப்பு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இந்தத் தொழில் கைக்கு வருவதே களப்பயிற்சியில்தான். சோதித்து, குறை எங்கே என்று கண்டு, பல வாரம் சொல்லிக்கொடுத்து, மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை ஒரு பத்தியில் தடுக்கினால், எழுத்து பிடிபடவில்லையா, எழுத்து பிடிபட்டும் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. இந்த வித்தியாசம் புத்தகத்தில் படித்தால் எளிது, பிள்ளை முன்னால் உட்காரும்போதுதான் கடினம். சர்வதேச லிட்டரசி சங்கம் 2017இல் வெளியிட்ட தரநிலைகளில் களப்பயிற்சிக்குத் தனியிடம் கொடுத்திருப்பது சும்மா இல்லை. இன்னொன்று: பிள்ளைகளோடு மட்டுமே வேலை என்று நினைத்துவிடாதீர்கள். சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதும் இதில் அடக்கம். பெரியவர்களுக்குச் சொல்லித்தருவதற்கும் பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பட்டம் வாங்கினால் உரிமமும் வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. உரிமம் தருவது மாநிலம். டெக்சாஸில் முதுகலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவமும் தேர்வும் வேண்டும். நியூ ஜெர்சியிலும் முதுகலையும் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். வாசிப்பு சார்ந்த 30 கிரெடிட்டும் காட்ட வேண்டும். வேறு மாநிலக் கல்லூரியில் ஆன்லைனில் படிப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தெந்த மாநிலத்தின் நிபந்தனைகளுக்குத் தங்கள் படிப்பு பொருந்தும் என்பதைக் கல்லூரிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய விதியே இருக்கிறது. அதைப் படியுங்கள். அப்புறம் மாநிலக் கல்வித் துறைக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை டீச் கிராண்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆண்டுக்கு அதிகபட்சம் 4,000 டாலர் தரும் மத்திய உதவி இது. இதற்குத் தகுதியான பணிகளின் பட்டியலில் ரீடிங் ஸ்பெஷலிஸ்டும் உண்டு. ஆனால் படிப்பு முடிந்த எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்தாக வேண்டும். தவறினால் மொத்தத் தொகையும் கடனாகிவிடும். பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடுவார்கள். இப்போது வேலை பார்க்கும் பள்ளி அப்படிப்பட்ட பள்ளிகளின் பட்டியலில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.