மலை ரோட்டில் ஓடும் காருக்கு எந்த டயர், எவ்வளவு காற்று?

ரம்பொடைப் பக்கம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புகிறது என்றால், அலைன்மென்ட், சஸ்பென்ஷன் என்று காசு செலவழிக்க முன்னால் டயர் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கும், ரிம் திரும்பிவிட்டாலும் ரோட்டைப் பிடித்திருக்கும் பகுதி பின்னாலேயே இழுபட்டு வரும், டயரும் சூடாகும்.

ஒரு வெண்கட்டி எடுத்து முன் டயரின் ஓரத்தில், பட்டனிலிருந்து, அதாவது ரோட்டில் படும் பகுதியிலிருந்து, பக்கச்சுவர் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். வழக்கமான வேகத்தில் நாலைந்து வளைவு ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு பட்டனைத் தாண்டிப் பக்கச்சுவரிலும் அழிந்திருந்தால் காற்று போதாது.

எவ்வளவு அடிப்பது? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதுதான் கணக்கு. ஜப்பான் கார்களில் கிலோபாஸ்கலில் போட்டிருப்பார்கள், 6.9 ஆல் வகுத்தால் பிஎஸ்ஐ வரும். 250 என்றால் 36. டயரிலேயே அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைப் பார்த்து அடிக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சி அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும்தான் ரோட்டில் உட்காரும், உடைந்த தாரில் கார் குதிக்கும், மழையில் பிரேக் பிடிக்கும்போது பிடிமானம் போதாது.

அளக்க வேண்டியது காலையில், வண்டி எடுக்க முன்னால். கினிகத்தேனை இறக்கம் இறங்கி வந்த கையோடு அளந்தால், டயர் சூடாக இருப்பதால் அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்துவிட்டால் அடுத்த நாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும்.

குளிருக்குக் காற்று குறையும், அதனால் கொழும்பிலிருந்து மேலே வந்தால் கூட்டி அடிக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. வெப்பம் 15, 20 பாகை இறங்கினால் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவது உண்மை. ஆனால் நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு, கேஜ் காட்டுவது உள்ளேயும் வெளியேயும் உள்ள அழுத்தத்தின் வித்தியாசத்தை, அதனால் அந்த அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். கொழும்பில் 33 அடித்த டயர் மேலே குளிர்ந்த காலையிலும் 33க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அங்கே போய் ஒரு தடவை அளந்து பார்த்தால் போதும்.

அப்புறம் சைஸ். 660 சிசி ஜப்பான் கார்களில் வரும் 155/65 ஆர்14 என்றால் அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர், ரிம் 14 அங்குலம். 165/55 ஆர்15 போட்டால் மொத்த உயரம் அவ்வளவாக மாறாது, ஆனால் பக்கச்சுவர் 91க்கு இறங்கிவிடும். ஸ்டியரிங் கூர்மையாகும், உண்மைதான். தோட்டத்து ரோட்டில் கல்லும் குழியும் நேரே ரிம்மில் இடிக்கும், முதுகும் வலிக்கும். தினமும் லயத்துப் பக்கம் ஏறி இறங்குகிற காருக்கு இந்த மாற்றம் வேண்டவே வேண்டாம் என்பேன். 165/65 ஆர்14 போட்டால் சில்லு 2 சதவீதத்துக்கு மேல் பெரிதாகும். ஸ்பீடோ 60 காட்டும்போது உண்மையில் 61க்கு மேல் ஓடுவீர்கள், 660 சிசி எஞ்சின் ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் திணறும்.

இரண்டு டயர்தான் புதிதாக வாங்க முடியும் என்றால் பின்னால் போடுங்கள். ஈர இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். டிக்கியில் மெல்லிய ஸ்பேர் டயர் இருந்தால் அதையும் அளந்து வையுங்கள், அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும்.