தாலியில்லாத குடும்பம்: எந்தப் பத்திரத்தை முதலில் எழுதுவது?

தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. ஆனால் தன்பால் இணையர் திருமணம் செய்துகொள்ளும் உரிமையை 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 மே மாதம், பிறந்த வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை விடுவித்த வழக்கில், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது சென்னை உயர் நீதிமன்றம். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் வங்கி கவுண்டரிலும் ஐ.சி.யு. வாசலிலும் தீர்ப்பை யாரும் படிப்பதில்லை. "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கான பதிலை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்களில் ஒருவர் திருநங்கை, மற்றவர் ஆண் என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் மதுரை அமர்வு தீர்ப்பளித்தது. அது தூத்துக்குடியில் மணம் முடித்த ஓர் இணையரின் வழக்கு. 2023 தீர்ப்பும், திருநர் (திருநங்கை, திருநம்பி) ஆண்-பெண் உறவில் இருந்தால் இப்போதுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. நேரே திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

உயில்தான் முதலில்

பலரும் வங்கிக் கணக்கில் நாமினி போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர். அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வாரிசுகள் வழக்குப் போட்டால், வாங்கிய பணத்தை அவர்களிடம் கொடுக்க வேண்டிவரும். உயில் இல்லாமல் இறந்தால் வாரிசுரிமைச் சட்டப் பட்டியலில் இருப்பவர்களுக்கே சொத்து போகும். அந்தப் பட்டியலில் அண்ணன், அக்கா, ஒன்றுவிட்ட உறவுகள்வரை உண்டு. இருபது வருடம் கூட வாழ்ந்த இணையர் இல்லை. ஆகவே உயில் அடித்தளம், நாமினி அதன்மேல் எழுப்பும் சுவர்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்திட, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். பின்னாளில் "கையெழுத்தே அவனுடையதில்லை" என்று தொடங்கும் பேச்சை அது பெருமளவு அடக்கிவிடும்.

சாட்சியை நட்புக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். உயில் நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர், ஊர் மாறாதவர், உயிலால் எதுவும் பெறாதவர் என்று பாருங்கள்.

இத்தகைய உயில்கள் பெரும்பாலும் தோற்பது கையெழுத்தில் அல்ல, 'சந்தேகத்துக்குரிய சூழ்நிலை' என்ற வாதத்தில். சொத்தைப் பெறப்போகும் இணையரே வக்கீலைப் பார்த்து, பணம் கட்டி, வாசகத்தைச் சொல்லி எழுத வைத்தால் எதிர்த்தரப்புக்கு அதுவே ஆயுதம். எழுதுகிறவர் தனியாகப் போகட்டும். அதே நாளில் ஒரு டாக்டரிடம், சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று சான்று வாங்கி இணைக்கட்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு இரண்டு வரி காரணம் எழுத வேண்டும், வசை வேண்டாம். 'என் மனைவி', 'என் கணவர்' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல் சட்டப்படி பொய் என்று காட்டி உயிலையே உடைக்கப் பார்ப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், முகவரி, 'இந்த ஆண்டு முதல் என்னுடன் ஒரே வீட்டில் வசித்துவரும்' என்று குறித்தால் போதும்.

மதத்தைப் பொறுத்துச் சில வேறுபாடுகள் உண்டு. இந்துக்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் தங்கள் பங்கையும் உயிலில் எழுதலாம். முஸ்லிம்கள் வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயில் தானாகச் செத்துவிடும்; வீட்டார் கட்டாயத்தில் நடந்த கல்யாணமும் இதில் சேரும்.

உயிருடன் இருக்கும்போதே கொடுத்துவிடலாமே என்றால், வரி குறுக்கே வரும். குடும்ப உறுப்பினருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் இணையர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். விற்பனைக்குக் கட்டுவதுபோல் கட்ட வேண்டும். வருமான வரிச் சட்டத்திலும் அவர் 'உறவினர்' இல்லை. ஓர் ஆண்டில் அவர் பெறும் இத்தகைய பரிசுகள் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். உயில் வழியாக வருவதற்கு இந்த வரி இல்லை. வீடு வாங்குவதானால் தொடக்கத்திலேயே இருவர் பெயரிலும் வாங்கி, யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் எழுதுங்கள். அவரவர் பங்குப் பணம் அவரவர் கணக்கிலிருந்தே போகட்டும்.

வங்கி, இன்சூரன்ஸ், பி.எஃப்.

பால்புதுமையினர் (எல்.ஜி.பி.டி.க்யூ.) கூட்டுக் கணக்குத் தொடங்கவோ, இணையரை நாமினியாக்கவோ தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். உறவு என்ற கட்டத்தில் 'மற்றவர்' என்றோ 'நண்பர்' என்றோ எழுதினால் வேலை முடிந்துவிடும். கவுண்டரில் உரிமை விளக்கம் தேவையில்லை. மறுத்தால் மட்டும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்து என்றதுமே குரல் இறங்கும்.

கணக்கை 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் ஒருவரோ, ஒருவர் இறந்தால் மற்றவரோ இயக்கும்) முறையில் தொடங்குங்கள். 'ஜாயின்ட்லி' (இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும்) என்று போட்டால் ஒருவர் இறந்த அன்றே மற்றவர் கை கட்டப்படும். பிக்சட் டெபாசிட்டில் ஒரு சிக்கல் உண்டு: எய்தர் ஆர் சர்வைவராக இருந்தாலும், முதிர்வுக்கு முன் உயிரோடிருப்பவர் தனியாக எடுக்க இருவரும் முன்பே எழுதிக் கொடுத்த அனுமதி வேண்டும். டெபாசிட் போடும் நாளிலேயே அந்தப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக்கலாம்; அம்மாவுக்கு ஒரு பங்கு, இணையருக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் வீட்டுச் சண்டையும் பாதியாகும்.

ஆயுள் காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவர், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்கள் பணத்தை வாங்குகிறவர்கள் மட்டுமல்ல, உரிமையாளர்களும்கூட. அதனால் 'இப்போதைக்கு அம்மா பெயரைப் போட்டுவிட்டு உயிலில் அவனுக்கு எழுதலாம்' என்ற கணக்கு பலிக்காது. இணையரையே நாமினியாகப் போட்டு, பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு உயிலிலும் எழுதினால்தான் இரண்டும் பொருந்தும். நண்பரை நாமினியாக ஏற்கக் கம்பெனி தயங்கினால், பாலிசியின் உரிமையையே அவர் பெயருக்கு மாற்றி அசைன்மென்ட் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

பி.எஃப். இன்னும் கறார். சட்டம் சொல்லும் 'குடும்பம்' உங்களுக்கு இருந்தால் அதற்கு வெளியே போடும் நாமினேஷன் செல்லாது. உங்களை நம்பி வாழும் பெற்றோரும் அந்தக் குடும்பத்தில் அடக்கம். ஆன்லைனில் ஏற்றுக்கொண்டதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பணம் கொடுக்கும் நேரத்தில்தான் அதைச் சரிபார்ப்பார்கள். பெற்றோர் பிழைப்புக்கு உங்களை நம்பியிருந்தால், பி.எஃப். அவர்களுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டு மற்ற சொத்துகளை இணையர் பக்கம் ஈடுகட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆஸ்பத்திரி

நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதல்தான் ஒப்புதல். அவருக்குப் பதில் அம்மா கையெழுத்திட்டது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அட்மிஷன் படிவத்தில் அட்டெண்டர், அவசரத் தொடர்பு என்ற இரண்டு இடத்திலும் இணையர் பெயரை நோயாளியே தன் கையால் எழுதட்டும்.

நினைவு தப்பிய பிறகுதான் கஷ்டம். பலர், தம் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் ஜெனரல் பவர் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தாலோ இறந்தாலோ பவர் முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போது அது உதவாது. இதற்குப் பதில் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, உயிர்காப்புக் கருவிகளைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கான முன்கூட்டிய மருத்துவ உத்தரவு: இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று 2023 ஜனவரியில் விதி எளிதாக்கப்பட்டது. முடிவெடுக்க நீங்கள் நம்புகிறவர்களைக் குறிப்பிட வேண்டும்; ஒருவருக்கு மேற்பட்டவர்களும் இருக்கலாம். இணையரை முதலில் எழுதுங்கள். இது மீளமுடியாத நிலைக்கு மட்டுமே உதவும், அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு அல்ல.

மற்றொன்று மனநலச் சிகிச்சைக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, வயதுவந்த எவரும் தம் சார்பாளராக இன்னொருவரை நியமிக்கலாம். வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாலே போதும், ரத்த உறவு வேண்டியதில்லை. பாலீர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறோம்' என்று வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வாய்ப்பிருப்பவர்கள் இதை இன்றே எழுத வேண்டும். அந்த 'மாற்றும்' சிகிச்சையையே சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 உத்தரவில் தடை செய்திருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் இறந்தபின் மற்றவர் அந்த வீட்டில் விருந்தாளி. ரேஷனுக்கு, இணையரை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கேட்குமுன் அவரவர் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்ற வழிகாட்டலும் அதே ஆண்டில் வந்ததுதான். உறவினர் வந்து நின்றால் அது கைகொடுக்காது. இறுதிச் சடங்கை யார் செய்ய வேண்டும் என்று தனித்தாளில் எழுதி வையுங்கள். உயிலில் மட்டும் எழுதினால் அதைப் பிரிப்பதற்குள் தகனம் முடிந்திருக்கும்.

'குடும்ப ஒப்பந்தம்' போட்டுத் தருகிறோம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருபவர்களும் உண்டு. அத்தகைய பத்திரத்துக்கு அங்கீகாரம் தருவது பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமாகாத வரை அது சேர்ந்து வாழ்ந்ததற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். கோப்பில் ஒரு ஓரமாக இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் மூன்று பிரதிகள்: ஒன்று வீட்டில், ஒன்று சாட்சி ஒருவரிடம், ஒன்று போனில் இருவரும் திறக்கக்கூடிய இடத்தில். மூலப்பத்திரத்தைப் பிறந்த வீட்டு பீரோவில் வைக்காதீர்கள்.