வெனியர் எழும்பிய பழைய அலுமாரியைத் திருத்துவது எப்படி?

வன்னியில் பழைய தளபாடங்களின் வெனியர், அதாவது அடிப்பலகைமேல் ஒட்டிய மெல்லிய மர ஏடு, கழன்று எழும்புவதற்குக் காலநிலை ஒரு முக்கிய காரணம். ஐப்பசி தொடங்கி மாரியில் ஈரம் ஏற, அடிப்பலகை ஊதும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்க அதே பலகை காய்ந்து சுருங்கும். மேலே ஒட்டிய ஏடு அந்தளவு அசையாததால் பசை விட்டுவிடுகிறது. இடப்பெயர்வுக் காலத்தில் கூரையில்லாத வீட்டில் நனைந்து கிடந்த அலுமாரி என்றால் கேட்கவே வேண்டாம். அடிப்பலகையைக் கறையான் அரிக்காமல் இருந்தால் அதையும் காப்பாற்றலாம்.

முதலில் பசையைச் சோதியுங்கள்

எழும்பிய விளிம்பின் அடியில் காய்ந்திருக்கும் பசையில் ஒரு சொட்டுச் சுடுதண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் இளகி விரலில் ஒட்டினால் அது வச்சிரம், அதாவது மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வெளுத்து ரப்பர் மாதிரி இழுபட்டால், பிறகு யாரோ வெள்ளை மரப்பசை பூசியிருக்கிறார்கள். அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும்.

வச்சிரத்தால் ஒட்டியதை வச்சிரத்தாலேயே ஒட்டுங்கள். வெள்ளைப் பசை பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், அடுத்த முறை திருத்துகிறவர் ஏட்டை உடைக்காமல் அதைக் கழற்ற முடியாது.

வச்சிரம் கிடைக்காவிட்டால் சுவையூட்டாத ஜெலற்றின் போதும். அடிப்படையில் இரண்டும் ஒரே பொருள். 10 கிராமை 20 மில்லி லீற்றர் பச்சைத்தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை வைத்து இளக்குங்கள். 60 பாகை செல்சியஸ் போதும். கொதித்தால் பிடிமானம் போய்விடும்.

ஊதிய இடம்

நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிடுங்கள். உடையாமல் வெறுமனே ஊதியிருந்தால் முதலில் சூட்டை முயலுங்கள்: பேக்கிங் பேப்பர், அதன்மேல் காய்ந்த பருத்தித் துணி, அதன்மேல் குறைந்த சூட்டில் மின்னழுத்தி. ஒரு தடவைக்கு 5 முதல் 10 செக்கன் மட்டும். பழைய பசை இளகியதும் மரக்கட்டையால் அழுத்தி, ஆறும்வரை பிடியுங்கள். ஈரத்துணி வைத்தால் அரக்குப் பொலிஷ் வெளுத்துவிடும்.

அதற்கும் படியாவிட்டால், கூரிய பிளேட்டால் மரத்தின் ரேகை ஓடும் திசையில், சற்றுச் சாய்த்துக் கீறுங்கள். ரேகைக்குக் குறுக்கே கீறினால் அந்தக் கோடு என்றைக்கும் தெரியும். பாமசியில் வாங்கிய சிரிஞ்சால் உள்ளே சில சொட்டு வெந்நீர் விட்டு, பிறகு சூடான பசையை ஏற்றுங்கள். விரலால் வெளிநோக்கித் தடவி மிச்சத்தைப் பிதுக்கி, பிழிந்த துணியால் துடையுங்கள். பொலித்தீன் தாள், தட்டையான கட்டை, மேலே பாரம் அல்லது திருகி இறுக்கும் ஜி கிளாம்ப். 24 மணித்தியாலம் அப்படியே விடுங்கள். மாரியில் இரண்டு நாள்.

ஏடு உடைந்து போன இடம்

இதில்தான் பொறுமை வேண்டும். சதுரமாக வெட்டாதீர்கள். ரேகைக்குக் குறுக்கே போகும் நேர்கோடு கண்ணில் குத்தும். இரு முனையும் கூரான வள்ள வடிவில் வெட்டினால் ஒட்டு ரேகையோடு மறைந்துவிடும். புது ஏட்டை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டில் அறுங்கள். அளவு தானாகப் பொருந்தும்.

தடிப்பையும் கவனியுங்கள். கடை வெனியர் பெரும்பாலும் 0.6 மில்லி மீற்றர். வாளால் அறுத்த பழைய ஏடு 1 மில்லி மீற்றருக்கு மேல் இருக்கும். தாழ்ந்த ஒட்டை உயர்த்த முடியாது, உயர்ந்ததைச் சீவலாம். ஆகவே தடித்ததையே தேடுங்கள். முதிரை அலுமாரி என்றால், உடைந்த பழைய முதிரைத் தளபாடத்திலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுப்பதே நல்லது. நிறம் சரியா என்று பார்க்க அதில் ஸ்பிரிட் தடவுங்கள். பொலிஷ் போட்ட பின் வரும் நிறம் கிட்டத்தட்ட அதுதான். துண்டைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். முதிரையின் மினுக்கம் வெளிச்சத்துக்கு மாறும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும், முகக்கவசம் கட்டாயம்.

ஒட்டிக் காய்ந்த பின் 240, பிறகு 320 இலக்க சாண்ட் பேப்பர், ஒட்டிய துண்டில் மட்டும். சுற்றியுள்ள பழைய ஏட்டைத் தேய்த்தால் அடிப்பலகை வெளியே வந்துவிடும், அதற்குத் திருத்தமில்லை.

20 கிராம் அரக்கை 100 மில்லி லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடித்து, மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பின்பே அடுத்தது. மழை நாளில் பூசினால் பூச்சில் வெள்ளைப் புகை மாதிரிப் படரும். வெயில் வரும்வரை பொறுங்கள். ஒரு கிழமைக்கு அதன்மேல் சூடான தேநீர்க் கோப்பை வைக்கக்கூடாது.