பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி: நாம் எங்கே தவறு செய்கிறோம்

காலையில் பேட்டரி வண்டி தெருமுனைக்கு வந்த பிறகுதான் நிறைய வீடுகளில் குப்பையைப் பற்றிய நினைப்பே வருகிறது. அடுப்படியில் இருக்கும் கவரை அப்படியே முடிச்சுப் போட்டு எடுத்து வந்து வண்டியில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருநாள் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்ற வரைக்கும். யாரோ உடைந்த கண்ணாடி டம்ளரைப் பழைய சோற்றோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், பிரிப்பதற்காகக் கையை விட்டவருக்கு நான்கு தையல். நாம் கட்டும் முடிச்சை இன்னொருவர் அவிழ்க்கிறார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதனால் கவரில் இருந்தே தொடங்குகிறேன். மக்கும் குப்பையை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுப்பதுதான் சென்னையில் நாம் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். உள்ளே இருப்பது அத்தனையும் காய்கறித் தோலாகவே இருக்கட்டும், கவரோடு போனால் அது உரமாகாது. யாராவது கிழித்துக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் மொத்தமாகக் கிடங்குக்குப் போக வேண்டும். ஒரு சின்ன மூடி போட்ட வாளி போதும், அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துக்கொண்டால் ஒட்டாது. வண்டி வந்ததும் கவிழ்த்துவிட்டு வாளியை அலசி வையுங்கள். சாம்பார், ரசம், மோர் மாதிரி தண்ணியாக இருப்பதை வடிகட்டிவிட்டுத் திப்பியை மட்டும் வாளியில் போட்டால் நாற்றம் பாதி குறைந்துவிடும். வடை, அப்பளம் பொரித்த எண்ணெயை மட்டும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் கட்டிபட்டு அடைத்துக்கொள்ளும்.

கலந்து போட்டால் என்ன ஆகும்? ஒரு கரண்டி மீன்குழம்பு ஊறிய காகிதக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். காகிதமும் வீண், குழம்பில் ஊறிய சோறும் வீண், இரண்டுமே பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்குப் போகிற சுமை. அங்கே மலையாகக் குவிந்து, அடியில் காற்றே படாமல் அழுகும்போதுதான் எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயு உண்டாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள் கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில்தான் அதை ஒட்டியிருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது.

சரி, எத்தனையாகப் பிரிப்பது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்கும் குப்பை (பச்சைத் தொட்டி), மக்காத குப்பை (நீலத் தொட்டி), வீட்டு அபாயக் கழிவு. அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நான்காக்கிவிட்டன. நாப்கின், டயாபர் மாதிரியான சுகாதாரக் கழிவு இப்போது தனி வகை. மருந்து, பல்பு, பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படுபவை நான்காவது வகை. வீட்டில் நான்கு பெரிய தொட்டி வாங்கி வைக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், தினமும் நிறைவது மக்கும் குப்பை வாளி ஒன்றுதான். மற்றவற்றுக்கு ஒரு கோணிப் பையும் இரண்டு அட்டைப்பெட்டியும் போதும்.

நாப்கின், டயாபர் விஷயத்தில் கூச்சத்தால்தான் தவறு நடக்கிறது. கறுப்புக் கவரில் சுற்றி, மற்ற குப்பைக்கு நடுவில் ஒளித்து வைத்துவிடுகிறோம். பிரிப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது, திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. செய்தித்தாளில் இறுக்கமாகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் பெரிய பொட்டாக வைத்து, தனியாகக் கையில் கொடுங்கள். புனேயில் ஸ்வச் என்ற குப்பை சேகரிப்பாளர் கூட்டுறவு அமைப்பினர் இந்தச் சிவப்புப் பொட்டு வழக்கத்தைப் பிரசாரமாக எடுத்துச் சென்றார்கள். செலவே இல்லாத காரியம்.

இன்சுலின் ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி, இந்த மூன்றையும் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஊசியையும் பிளேடையும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே ‘ஊசி’ என்று எழுதிக் கொடுக்கலாம். கண்ணாடியை நான்கைந்து சுற்றுத் தாளில் பொதிந்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, வாங்குபவரிடம் வாயால் சொல்லுங்கள். ‘அக்கா, இதுல கண்ணாடி இருக்கு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

டியூப் லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருக்கிறது, வாங்கும்போது வந்த அட்டை உறையிலேயே திரும்பப் போட்டு உடையாமல் கொடுங்கள். பழைய செல்போன், பவர் பேங்க் பேட்டரி இன்னும் மோசம். குப்பையை அமுக்கும் லாரியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், அதை மற்ற குப்பையோடு போடவே கூடாது.

மக்கும், மக்காத என்பதில் குழப்பம் வருவதும் இயல்புதான். கொட்டாங்குச்சி மக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆகும், வீட்டு உரத்தொட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கை துடைத்த டிஷ்யூ காகிதம்தானே என்று நீலத் தொட்டிக்குப் போகக் கூடாது, அது மக்கும் குப்பை. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளியாக மினுங்குவது பல அடுக்கு பிளாஸ்டிக், காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள், இருந்தாலும் நீலத்தில்தான் போட வேண்டும், சிமென்ட் ஆலை எரிபொருளாகவாவது போகும். பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக எடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்கியெடுக்க முடியாது, அது நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. பாதி வெட்டு வெட்டி, கவரோடே ஒட்டியிருக்க விட்டு, ஒருமுறை அலசிக் காயப்போட்டால் பழைய பேப்பர்காரர் காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார். அலசிக் காய்ந்த எதுவும் ஒரு வாரம் கிடந்தாலும் நாறாது.

மெத்தை, உடைந்த நாற்காலி, பழைய பீரோ எல்லாம் தெருத்தொட்டி ஓரமாகப் போய் நிற்பதைப் பார்க்கிறோம். சென்னை மாநகராட்சி இவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறது, 1913க்குப் போன் செய்தோ நம்ம சென்னை செயலியிலோ முன்கூட்டியே பதிய வேண்டும். குளியலறை டைல்ஸ் மாற்றிய இடிபாடு வேறு கணக்கு, அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கவே கூடாது. மழைநீர் வடிகால் பக்கம் கொட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தெருவே முழங்கால் தண்ணீரில் நிற்கும்.

அப்புறம் போகி. பழைய பாய், பஞ்சுத் தலையணை எரித்த காலம் வேறு, இன்று நம் வீட்டுப் பழையது என்றால் பாலியெஸ்டரும் ரப்பரும் ரெக்சினும்தான். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமானநிலையத்தில் விமானங்களே தாமதமாயின என்றால் வீட்டில் இழுப்பு உள்ள பெரியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய துணி, டயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. மற்ற நாளிலும், சருகாகவே இருந்தாலும் எரிக்காதீர்கள், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே உத்தரவிட்டிருக்கிறது. காய்ந்த சருகு கிடைத்தால் மூட்டையாகக் கட்டி வையுங்கள், மாடியில் உரம் போடுபவர்களுக்கு அது தங்கம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு என்று அடுக்கிக்கொண்டே வந்தால் புழுவும் இல்லை, நாற்றமும் இல்லை, இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார்.

இவ்வளவும் சொன்னால் ஒரு பதில் வரும்: ‘நாம பிரிச்சுக் கொடுத்து என்ன, வண்டியில ஒண்ணாத்தானே கொட்டறாங்க!’ சில இடங்களில் அப்படி நடப்பது உண்மைதான், அதைப் பார்த்து நமக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் 1913, பணியாளரிடம் அல்ல. அவருக்குக் கொடுத்த வண்டியில் எத்தனை தொட்டி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவரில்லை. எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து திரும்பத் திரும்பப் புகார் பதிந்தோம், மூன்றாவது வாரம் வண்டியில் இரண்டு நிறத்திலும் தொட்டி வந்தது. இப்போது அக்கா எங்கள் வாளியில் கைவிட்டுத் துழாவுவதில்லை, வாங்கி நேராகப் பச்சையில் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.