ஒரே பாயில் இரண்டாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும்: கலந்து படிக்க வைக்கும்போது செய்யும் தவறுகள்

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர். வகுப்போ 5. அதனால் தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் மட்டுமல்ல, பல்லடம், காங்கேயம் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் இரண்டு மூன்று வகுப்புகள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். பெற்றோருக்கு அது பெரிய குறை. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2-ஆம் வகுப்பு முதல் 8 வரை 14 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். வகுப்புக்கு ஒரு வரிசை என்று பிரித்து உட்கார வைத்தேன். ஒரு வரிசைக்குச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் மற்ற வரிசைகளில் ரப்பர் பறக்கும். பாதி நேரம் காத்திருப்பதிலேயே போயிற்று.

சரி, பெரிய பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம் என்று தோன்றும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறோம். திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த மூத்த மாணவன், சட்டாம்பிள்ளையை நாம் இன்னும் மறக்கவில்லை. 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்ய ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். 1797-ல் அவர் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. சம்பளம் கேட்காத வாத்தியார் என்றால் யாருக்குக் கசக்கும்?

என் வகுப்பிலும் அதே கதைதான். 7-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி பொறுமைசாலி என்பதால் பொடிசுகள் எல்லாம் அவள் தலையில். மூன்றாம் வாரம் அவள் அம்மா வந்து நின்றார். "ஏனுங் மிஸ், என்ற புள்ள இங்க படிக்க வருதுங்களா, புள்ள மேய்க்க வருதுங்களா?" கேட்டதில் நியாயம் இருந்தது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இங்கேயும் அதே பாடு. இப்போது ஒரு மாலைக்குப் பத்து நிமிடம்தான், அதுவும் ஆளை மாற்றி மாற்றி. அந்தப் பத்து நிமிடம் பெரியவளுக்கும் வீண் போவதில்லை. பின்னக் கணக்கை மளமளவென்று போடுகிறவளிடம், "கீழ இருக்கற நம்பர எதுக்குக்கா சமமாக்கணும்?" என்று ஒரு வாண்டு கேட்டான். அவள் வாயடைத்துப் போனாள். அப்போது நாம் குறுக்கே விழுந்து விடை சொல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு அது இன்னும் முழுசாக வரவில்லை.

"பாரு, உன்னைவிடச் சின்னவன் சொல்லிட்டான்." கலந்த வகுப்பைக் கெடுக்க இந்த ஒரு வரி போதும். தமிழ் வாசிக்கத் திணறும் 8-ஆம் வகுப்புப் பையனிடம் நான் இதைச் சொல்லித் தொலைத்தேன். நான்கு நாள் அவன் வரவில்லை. வந்தபோது ஒன்றும் பேசாமல் 2-ஆம் வகுப்புக் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "நாளைக்கு இந்த ரெண்டு வாண்டுகளுக்கும் வாசிச்சுக் காட்டு" என்றேன். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பழகிக்கொண்டு வந்தான். அவனுக்குத் தேவையான புத்தகமே அதுதான். தனக்காக என்று சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டான்.

தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-ல் கொண்டு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது வகுப்பைப் பார்த்தல்ல, பிள்ளையின் திறனைப் பார்த்து. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் அதைப் பட்டப்பெயராக்கி "எங்க அரும்பு" என்று கேலி பேசுகிறோம். சந்தையில் அப்பாவோடு தக்காளி விற்கும் பையன் கணக்கில் மலர், எழுத்தில் அரும்பு. அவனை ஒரே குழுவில் கட்டிப்போடுவானேன்?

வயது இடைவெளியையும் கவனியுங்கள். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 3 முதல் 6, 6 முதல் 9 என்று மூன்று வயது வித்தியாசத்துக்குள்தான் சேர்த்தார். என்னைப்போல் 7-ஐயும் 13-ஐயும் ஒரே பாயில் போட்டால் நடுவில் 9, 10 வயதும் வேண்டும்.

இத்தனை யோசனையும் எங்கள் கொங்குப் பக்கத்து ஆட்டமான வள்ளி கும்மிக்குத் தேவைப்படுவதில்லை. கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்ததே, அந்தக் கலைதான். எங்கள் ஊர்ப் பயிற்சியில் ஆறு வயதுப் பாப்பா முதல் அமுச்சி (பாட்டி) வரை ஒரே வட்டம். புதிதாக வந்தவர் முன்னால் ஆடுகிறவரின் காலைப் பார்த்தபடி நகர்வார். தப்பினால் அடுத்த சுற்றில் சரியாகிவிடும்.

வகுப்பில் நாம் அதற்கு விடுவதில்லை. பெரியவர்கள் பாடத்தைச் சின்னது ஓரமாக உட்கார்ந்து கேட்டால், உடனே "எங்கே, நீ சொல்லு" என்று பிடித்துக்கொள்கிறோம். விளையாட்டில் பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். குட்டித் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் அவுட் கிடையாது. சில மாதம் அப்படியே போகும். அப்புறம் ஒருநாள் அவனே வந்து சண்டை பிடிப்பான்: "இனி என்னையும் அவுட்டுன்னு சொல்லுங்கடா."