காருக்கு ஏசி கேஸ் ஏற்றப் போகிறீர்களா?
ஏசி குளிரவில்லை என்றதும் கேஸ் டப்பாவைத் தேடாதீர்கள். முதலில் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

சரி, கேஸ்தான் குறைவு என்றால், பானெட்டுக்குள் உள்ள ஸ்டிக்கரில் கேஸ் வகை ஆர்-134ஏவா, ஆர்-1234ஒய்எஃப்பா என்று பாருங்கள். மாற்றி ஏற்றக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுதாக வைத்து, 'எல்' (குறைந்த அழுத்தம்) மூடி போட்ட தடித்த குழாயில் மட்டும் டப்பாவின் ஹோஸை மாட்டுங்கள். 'எச்' (அதிக அழுத்தம்) பக்கம் மாட்டினால் டப்பாவே வெடிக்கலாம். டப்பாவை நிமிர்த்தியே பிடியுங்கள். கவிழ்த்தால் திரவம் உள்ளே போய் கம்ப்ரசரைக் கெடுக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். அளவு மீறினாலும் குளிர் குறையும், எனவே அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். சில வாரத்தில் மறுபடி குறைந்தால் எங்கோ கசிகிறது, அப்புறம் மெக்கானிக்தான்.